ஏழாவது மாத்திரைக்காரம்மா

அந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான் ஏழாவது மருந்தாளுநர். பணியில் சேர்ந்த அன்று அங்கிருந்த நர்ஸ், வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து மருந்தறைச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வா, உட்கார் என்று ஒரு வார்த்தை கிடையாது.

“இந்தச் சாவிய உனக்கு முன்னாடி ஆறு பேரு வாங்கியிருக்காங்க. ஆறு பேரும் என்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. நீயும் போறப்ப தொலைக்காம கொடுத்துடு. வேற சாவி கிடையாது” என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும் என்பது எங்கள் குவார்ட்டர்ஸில் நாலு பிளாக்குக்கும் தெரியும். “நான் இன்னும் உள்ளயே வரல சிஸ்டர், அதுக்குள்ள வழியனுப்பி வைக்கிறீங்களே” என்றேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. அதைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை என்று ஒரே வாரத்தில் புரிந்துவிட்டது. எங்கள் வீடு ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து அந்தத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். கணவரும் அங்கேதான். காலையில் ஆவடியில் பஸ் ஏறி, பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி, கரையான்சாவடியில் இறங்க வேண்டும். அங்கிருந்து பூந்தமல்லியைக் கடந்து, பெரிய சாலையை விட்டு உள்ளே ஏழு கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் கூப்பிடு தூரம்தான். ஆனால் அந்த ஏழு கிலோமீட்டருக்குக் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். காலை பஸ் எனக்கு முன்னால் போய்விடும். மாலை பஸ் எனக்குப் பின்னால் வரும்.

மருந்தாளுநர் இல்லாத மாதங்களில் மருந்து ஜன்னலையும் நர்ஸ்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி, தடுப்பூசி, பிரசவம், அதோடு இதுவும். பிரசவ வலி என்று யாராவது வந்துவிட்டால் ஜன்னல் சாத்தப்படும். சுகர் மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் வந்து நிற்கிறவர்கள் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள், பிறகு போய்விடுவார்கள். அடுத்த நாள் செங்கல் சூளையிலோ கம்பெனியிலோ வேலை இருக்கும். மறுபடி வரப் பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளும் மாத்திரை கிடையாது. நான் போய்விட்டால் மறுபடியும் அதுதான் நடக்கும் என்பது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அதனாலேயே என்னை ஊரார் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார்கள். புது மருமகளைப் பார்க்கிற மாதிரி. இவளாவது நிலைப்பாளா என்று.

கிராமத்து மருந்தாளுநர்களை எப்படித் தக்க வைப்பது என்று மேலே இருப்பவர்கள் ஒரு முறை எங்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். ஏசி அறை, முந்திரி பிஸ்கட். படி உயர்த்தலாம், விருது கொடுக்கலாம், கேடயம் கொடுக்கலாம் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். நான் கை தூக்கி, “எங்க ஆஸ்பத்திரி பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்ல சார்” என்றேன். ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பு எங்கே போனதோ தெரியாது.

தாழ்ப்பாள் போட்டவர் ஆட்டோக்காரர்.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவர், அதே ஊர்க்காரர். காலையில் கரையான்சாவடிப் பூக்கடைகளுக்குப் பூ மூட்டை கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பும்போது, நான் அங்கே நிறுத்தத்தில் வண்டி கிடைக்காமல் எரிந்துகொண்டு நிற்பதை இரண்டு நாள் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து நிறுத்தினார்.

“நீதான மாத்திரைக்காரம்மா? குந்து மேடம். நம்ம ஊட்டுக்கு எதிர்ல தான் ஆஸ்பத்திரி கீது. காலியாத்தான் போறேன்.”

அன்றிலிருந்து அவர் வண்டிதான். பெட்ரோலுக்கு மட்டும் வாங்கிக்கொள்வார். நான் பாத்ரூமுக்குப் போனால் ஆயாம்மாவைக் கதவுக்கு வெளியே காவல் வைப்பதை ஒரு நாள் பார்த்துவிட்டு, அடுத்த நாளே ஸ்குரூ டிரைவரும் ஒரு எவர்சில்வர் தாழ்ப்பாளுமாக வந்து நின்றார். “இதுக்காவா ஆறு பேரு ஓடினாங்கோ? சொல்லவே இல்லியே மேடம்” என்று அங்கலாய்த்துக்கொண்டே மாட்டினார். உண்மையைச் சொல்கிறேன், அந்த முதல் மாதத்தில் நான் வேலையை விட்டு ஓடாமல் இருந்ததற்கு அந்தத் தாழ்ப்பாள்தான் காரணம்.

அப்படியே நாலு வருஷம் ஓடியது. நல்ல வருஷங்கள். நர்ஸும் நானும் அதற்குள் ஒரே டப்பாவில் சாப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டோம். அவர் கரையான்சாவடிக்காரர், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து செய்யும் மீன் குழம்பில் ஒரு பங்கை எனக்கென்று எடுத்து வைத்துத் திங்கட்கிழமை கொண்டுவருவார். முதல் நாள் அப்படிப் பேசியவர்தான். என்னைக் கேட்டால், முள் அதிகமான மீனில்தான் ருசி.

ஊரிலும் என் கொடிதான் பறந்தது. ஜன்னலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்களுக்கும் மாத்திரை அட்டையின் பின்னால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் ஆங்கிலத்தைப் படிக்க முடியாது. அதோடு அவர்களுக்கு இன்னொரு பழக்கம். அட்டையிலிருந்து எல்லா மாத்திரையையும் பிதுக்கி எடுத்து ஒரே டப்பாவில் போட்டுவிடுவார்கள். அட்டை இடத்தை அடைக்கிறதாம். எத்தனை தடவை திட்டியும் கேட்கவில்லை. சரி, உங்கள் வழிக்கே நான் வருகிறேன் என்று நிறத்தில் இறங்கினேன். மஞ்சள் மாத்திரை சுகருக்கு, காலையில் சாப்பிடுவதற்கு முன். ரோஸ் கலர் மாத்திரை பிரஷருக்கு, ராத்திரி படுக்கப் போகும்போது. அவ்வளவுதான். பாட்டுப் போலச் சொல்லிச் சொல்லி மனதில் ஏற்றினேன். “மஞ்சள் எப்போ?” என்று ஜன்னலில் கேட்பேன். “சூரியன் வந்தா!” என்று வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

பெருமை வந்தால் வாய் சும்மா இருக்குமா? ஒரு நாள் நான் சாப்பிடப் போயிருந்தபோது நர்ஸ் யாருக்கோ மாத்திரை எடுத்துக் கொடுத்தார். திரும்பி வந்த நான் வரிசைக்கு முன்னால் வேடிக்கையாகச் சொன்னேன்: “சிஸ்டர் கையில ஊசி இருந்தா நம்புங்க. மாத்திரை இருந்தா என்னைக் கேட்டுட்டு முழுங்குங்க.” ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நர்ஸும் சிரித்துவிட்டு என் முதுகில் ஒன்று வைத்தார். நல்ல வரவேற்பு இருந்ததால் அந்த நகைச்சுவையை நான் பல முறை அரங்கேற்றினேன்.

டீக்கடைக்காரர்கூட என் ஆள்தான். ஆட்டோக்காரர் உட்பட யார் யாருக்குச் சுகர் என்று அவருக்குத் தெரியும். “மாத்திரைக்காரம்மா வெய்யும்” என்று என் திட்டுக்குப் பயந்து அவர்களுக்குச் சர்க்கரை போடாத டீதான் கொடுப்பார்.

இவ்வளவு சந்தோஷமாக இருந்தவள் மாறுதலுக்கு எழுதிப் போட்டேன் என்றால் நம்புவது கஷ்டம்தான். ஆனால் எழுதிப் போட்டேன். ஆவடியிலேயே, எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து நடந்து போகிற தூரத்தில், நகர்ப்புற சுகாதார நிலையத்தில் ஓர் இடம் காலியானது. மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். மகள் பத்தாவது வந்துவிட்டாள். மழைக்காலத்தில் பருத்திப்பட்டு ஏரி நிரம்பிச் சாலையில் தண்ணீர் நின்றால் நான் வீடு வந்து சேர எட்டு மணி ஆகிறது. கணவர் வாயைத் திறந்து எதுவும் கேட்டதில்லை. ஆனால் அந்த இடம் காலி என்று கேள்விப்பட்ட அன்று அவரே போய் விண்ணப்பத்தை வாங்கிவந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். பணிமூப்புப்படி என்னைத் தாண்டி அந்த இடத்துக்கு ஆள் இல்லை. கலந்தாய்வுக்கு மூன்று வாரம் இருந்தது. ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. நர்ஸிடமும் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை.

அந்தச் சமயம் பார்த்து மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை செருகி, பத்து நாள் லீவு போட்டு வீட்டோடு இருந்தேன். மூன்றாம் தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் வேலைக்குக் கிளம்பினேன்.

கரையான்சாவடியில் ஆட்டோ வந்து நின்றது. வழக்கமாக, ஏறியதும் அவர் ஊர்க்கதையெல்லாம் சொல்வார். அன்று பேசவில்லை. பூந்தமல்லி தாண்டி உள் சாலையில் திரும்பியதும் வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போக ஆரம்பித்தது. எதிரே வந்த தண்ணீர் லாரிக்காரன் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போனான். இவர் அதற்குச் சிரித்தார். என்ன என்று கேட்டால் குழறிக் குழறி என்னமோ சொல்கிறார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். “காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்துட்டீங்களா? வெக்கமா இல்ல? நிறுத்துங்க வண்டிய! பொம்பளய ஏத்திக்கிட்டு இப்படித்தான் ஓட்டுவீங்களா?” என்று கத்தினேன். நல்லவேளையாக டீக்கடைக்கு நாலடி முன்னால் வண்டி ஒரு மண்மேட்டில் முட்டி நின்றது. இறங்கி இன்னும் நாலு கேட்கலாம் என்று பக்கத்தில் போனேன். அவர் சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வாயில் சாராய வாடையே இல்லை. கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது, விரல்கள் தந்தியடித்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடித்தவன் உடம்பு இப்படிச் சில்லிடாது. இது சுகர் இறங்கிப் போன உடம்பு.

“அண்ணே, ஒரு டம்ளர் தண்ணியில நாலு ஸ்பூன் சக்கரை போட்டுக் குடுங்க, சீக்கிரம்!” என்று டீக்கடைக்காரரிடம் கத்தினேன்.

அவர் அசையவில்லை. “இன்னாம்மா சொல்ற? அவுருக்கு சுகராச்சே! நீதான சக்கரையே காட்டக்கூடாதுன்னு சொல்லிக்கீற?”

“யோவ், நான்தான்யா இப்ப போடச் சொல்றேன்!”

“அப்பால ஏதாச்சும் ஆச்சுன்னா என்னிய வெய்வ நீ…”

அவரோடு வாதம் செய்ய நேரமில்லை. நானே உள்ளே புகுந்து சர்க்கரை டப்பாவை எடுத்தேன். டம்ளரில் அள்ளிப் போட்டுக் கலக்கி, ஆட்டோக்காரரின் தலையைத் தாங்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். அவர் விழுங்கும் ஒவ்வொரு வாய்க்கும் எனக்கு உயிர் வந்தது. கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. என்னைப் பார்த்தார், தரையில் கொட்டிக் கிடந்த சர்க்கரையைப் பார்த்தார்.

“இன்னா மேடம், நீயே சக்கர தண்ணி குடுக்கிற?” என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. குடித்திருக்கிறார் என்று திட்டியதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து நீட்டினார். திறந்து பார்த்தால் மஞ்சள், ரோஸ், வெள்ளை என்று மூன்று நிறம். வெள்ளை மாத்திரை எங்களிடம் கிடையாதே என்று ஒரு கணம் குழம்பினேன். சுகாதார நிலையத்துக்குப் போய் அவரை டாக்டரிடம் படுக்க வைத்துவிட்டு, மருந்தறையைத் திறந்து பெட்டிகளைப் பார்த்ததும் விஷயம் விளங்கியது.

நான் லீவில் இருந்தபோது கிடங்கிலிருந்து புதுச் சரக்கு வந்திருக்கிறது. இந்த முறை வேறு கம்பெனி. சுகர் மாத்திரை ரோஸ் கலரில் வந்திருக்கிறது, பிரஷர் மாத்திரை வெள்ளையில். நர்ஸ் ஒவ்வொருவரிடமும் நிறுத்தி நிதானமாகச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். ஆட்டோக்காரரும் தலையை ஆட்டிவிட்டு வாங்கிப் போயிருக்கிறார். வீட்டுக்குப் போய்ப் பழையபடிதான் செய்திருக்கிறார். நடுநடுவே மறந்த நாட்களின் மஞ்சள் மாத்திரை டப்பாவில் மிச்சம் இருந்தது. அதைக் காலையில் போட்டுக்கொண்டார். ராத்திரிக்கு ரோஸ். ஆக, ஆறு நாளாக இரண்டு வேளையும் சுகர் மாத்திரை. வெள்ளை எதற்கென்று தெரியாமல் தொடவே இல்லை.

“சிஸ்டர் சொன்னாங்க இல்ல?” என்று கேட்டேன்.

படுக்கையில் படுத்தபடி அவர் சொன்ன பதில் இது: “சொல்லிச்சு. ஆனா நீ இன்னா சொல்லிக்கீற? சிஸ்டர் கையில மாத்திர கீதுன்னா உன்னிய கேக்காம முழுங்கக்கூடாதுன்னு சொன்ன இல்ல? நீ வர்ற வரிக்கும் நீ சொன்னத்தையே செஞ்சுகினு இருந்தேன்.”

நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இதே மாதிரி எத்தனை வீட்டில் எத்தனை டப்பா இருக்கிறதோ என்று கணக்குப் போட ஆரம்பித்தேன்.

சாயங்காலத்துக்குள் ஊர் திரண்டுவிட்டது. ஆட்டோக்காரரை டாக்டர் இன்னும் வீட்டுக்கு விடவில்லை. வார்டு மெம்பர் வெள்ளைச் சட்டையோடு நடு வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு பேப்பரை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். “மாத்திரைக்காரம்மா இல்லாத நேரத்துல தப்பு மாத்திரய குடுத்து ஆளயே சாவடிக்கப் பாத்துக்கீறாங்கோ. இத்த சும்மா உட முடியாது. மேலிடத்துக்கு எழுதி அந்த நர்ஸம்மாவ தூக்கினாத்தான் சரி வரும்.” சுற்றி நின்ற எல்லாரும் ஆமாம் போட்டார்கள். நர்ஸ் சுவரோரம் நின்றிருந்தார். கையில் தடுப்பூசிப் பதிவேடு. ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கையில் இப்படி ஒரு புகார் போனால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். அந்தப் பேப்பரில் என்னைப் பற்றி ஒரு வரி வந்தாலும் ஆவடி கிடையாது. விசாரணை என்று ஒன்று வந்துவிட்டால், அது முடிகிற வரைக்கும் மாறுதல் கொடுக்க மாட்டார்கள். கலந்தாய்வுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

ஒரு நிமிஷம் நான் வாயைத் திறக்கவில்லை. நாலு தெருவுக்குக் கேட்கிற வாய் அது. அன்று அது மூடியே இருந்தது. பேனா பேப்பரில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பிறகு நர்ஸ் பதிவேட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேனோ என்னவோ.

“எழுதுங்க மெம்பர், நல்லா எழுதுங்க. ஆனா சிஸ்டர் மேல இல்ல, என் மேல எழுதுங்க” என்றேன். “கலரைப் பாத்து முழுங்குன்னு சொல்லிக் கொடுத்தது நான். சிஸ்டர் குடுத்தா நம்பாதீங்கன்னு ஊரைச் சிரிக்க வெச்சதும் நான். அவங்க சரியாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. இவர் அவங்கள நம்பல, என்னை நம்பினாரு. அதான் விழுந்துட்டாரு.”

மெம்பர் என்னைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார். பிறகு அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். “நீயா சொன்ன? அப்பன்னா இதுல இன்னா கீது, வாய் தவறி சொல்றதுதான். உடு” என்றார். “உன் மேல எழுதினா நீ பூடுவ. அப்பால எட்டாவது ஆள எங்க போய் தேடறது?”

நர்ஸுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. “ஆண்டவரே! எனக்குன்னா பேப்பர், இவளுக்குன்னா வாய் தவறினதா?” என்று மெம்பரைப் பார்த்துக் கேட்டார். “ஆறு பேரு போனப்பவும் இந்த ஜன்னலத் திறந்து வெச்சது யாரு? உன் பொண்ணுக்கு ரெண்டு பிரசவம் பாத்தது யாரு?” மெம்பர் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். கூட்டம் மெல்லக் கலைந்தது. நர்ஸ் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த இரண்டு நாளும் பேசவில்லை. தனி டப்பாவில் தனியாகச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். “ஆவடிக்குக் கேட்டிருக்கியாமே?” என்றார். அலுவலகத்திலிருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள். தலையாட்டினேன். “போ. நான் தடுக்கல. உன் பொண்ணு படிக்கணும். ஆனா நீ போட்ட மஞ்சளையும் ரோஸையும் நீயே எடுத்துட்டுப் போ. நான் சொன்னாத்தான் எவனும் நம்ப மாட்டானே.”

அன்று மாலையிலிருந்தே ஆரம்பித்தோம். சுகரும் பிரஷரும் இருக்கிற வீடுகள் எண்பதுக்கு மேல். பட்டியல் போட்டு, தினமும் மருந்தறையைச் சாத்தியபின் வீடு வீடாகப் போனோம். தேறி வந்த ஆட்டோக்காரர் ஓட்ட, நர்ஸும் நானும் பின்னால். ஒவ்வொரு வீட்டிலும் டப்பாவைத் தரையில் கவிழ்க்கச் சொல்லிப் பிரித்தேன். ஒரு அம்மா குங்குமச் சிமிழில் வைத்திருந்தார். ஒருவர் பழைய செல்போன் உறைக்குள் வைத்திருந்தார். ஒரு வீட்டில் சுவாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. தினமும் கும்பிட்டுவிட்டு எடுத்துக்கொள்வார்களாம். பழைய மாத்திரைகளை வாங்கிக்கொண்டு, புதியதை அட்டையோடு கவரில் போட்டு, கவரின் மேல் காலைக்குச் சூரியனும் ராத்திரிக்கு நிலாவும் வரைந்து கொடுத்தோம். எனக்கு வரையத் தெரியாது. என் நிலாவைப் பார்த்து, இது என்ன வாழைப்பழமா என்று கேட்டார்கள். அதனால் நிலா பிரிவை நர்ஸ் எடுத்துக்கொண்டார். கவரைக் கொடுக்கும்போது, “இனிமே சிஸ்டர் சொன்னாலும் ஒண்ணுதான், நான் சொன்னாலும் ஒண்ணுதான்” என்று வீட்டுக்கு வீடு சொன்னேன். இது யாருக்கும் சிரிப்பை வரவழைக்கவில்லை. ஆனாலும் சொன்னேன்.

அந்தச் சாயங்காலங்கள் நன்றாக இருந்தன. எங்கே போனாலும் டீ, முறுக்கு, ஒரு முழம் மல்லி. நாலு வருஷம் ஜன்னல் வழியாகக் கையை மட்டும் பார்த்த மனிதர்களை அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். நாலைந்து பேர் டப்பாவில் ஆட்டோக்காரர் செய்த அதே தப்பு இருந்தது. நல்லவேளை, யாருக்கும் எதுவும் ஆகியிருக்கவில்லை.

கலந்தாய்வு அன்று காலையில் கணவர் என் பட்டுப்புடவைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தார். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கிளம்பினேன். போகிற வழியெல்லாம் எனக்கு ஆவடியிலேயே மனசு இருந்தது. பொய் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய், மின்விசிறிக்குக் கீழே சூடாக ரசம் சாதம் சாப்பிடுவதை நினைத்துக்கொண்டேதான் அந்த அறைக்குள் நுழைந்தேன்.

அதிகாரி நல்லவராகத் தெரிந்தார். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, “நீங்க கேட்ட இடமே இருக்கும்மா. உங்களுக்குப் போட்டியும் இல்ல. கையெழுத்துப் போடுங்க” என்று தாளை நகர்த்தினார். பேனாவைத் திறந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் போக வேண்டிய தெரு நினைவுக்கு வந்தது. கோடியில் ஒரு பூக்கட்டும் அம்மா; அவருக்கு இரண்டு வகை மாத்திரையும் உண்டு, கண் பார்வையும் சரியில்லை.

“வேணாம் சார். நான் அங்கேயே இருந்துக்கிறேன்” என்றேன். சொன்னது என் வாய்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அவர் நிமிர்ந்தார். அந்த ஊர் இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களைத்தான் அவர் இதுவரை பார்த்திருக்க வேண்டும். “யோசிச்சுச் சொல்றீங்களா? இந்த இடம் மறுபடி எப்ப காலியாகும்னு சொல்ல முடியாது. வேணாம்னா காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும்.”

தாளைத் திருப்பிப் பார்த்தேன். காரணங்களை அவர்களே அச்சடித்து வைத்திருந்தார்கள். கணவர் பணியிடம், பிள்ளைகள் படிப்பு, உடல்நலம், பெற்றோர் பராமரிப்பு. எல்லாம் ஓர் ஊரை விட்டுப் போவதற்கான காரணங்கள். இருப்பதற்கு ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அடித்துவிட்டு, அடியில் இருந்த கொஞ்ச இடத்தில் எழுதினேன்: இன்னும் பதினேழு வீடு பாக்கி.

அதிகாரி படித்தார். என்ன இது என்று கேட்டார். மாத்திரை நிறம் மாறிய கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், கொஞ்சம் இரக்கத்தோடு, “பதினேழு வீடு ஒரு வாரத்துல முடிஞ்சிடுமேம்மா. அதுக்கப்புறம்?” என்றார்.

“அதுக்குள்ள அடுத்த சரக்கு வந்துடும் சார்” என்றேன்.